பச்சை குத்தின கை

அண்ணி,

இன்றைக்குக் காலையில் ஊறுகாய்க்காக வினிகர் பாட்டிலைத் திறந்தேன். மூடியைத் திருகினதுமே சமையலறை முழுக்க நீங்கள். மற்றவர்களுக்கு இறந்தவர்களின் வாசனை என்றால் பவுடர், தைலம், மல்லிகைப்பூ என்று ஏதாவது நல்லதாக இருக்கும். எனக்கு வாய்த்தது வினிகர். மாடிப்படிக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, பானை ஓட்டுச் சில்லுகளை நீல டப்பில் வினிகர் ஊற்றி ஊறப்போட்டு, தேய்ந்த டூத் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பீர்களே, அந்த வாசனை.

பாட்டிலை மூடுவதற்குள் போன் அடித்தது. உங்கள் கல்லூரியிலிருந்து. உங்களுக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு இப்போது துறைத்தலைவராக இருக்கிறவர் பேசினார். உங்கள் நினைவாக ஒரு மலர் போடுகிறார்களாம். குடும்பத்தின் சார்பில் ஒரு பக்கம் வேண்டுமாம்.

"கடைசி வரைக்கும் கூட இருந்தது நீங்கதாம்மா. நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும். மேடம் பெருசா எதையும் கண்டுபிடிக்கலைன்னாலும், உழைப்புன்னா உழைப்பு. வீட்ல எப்படி இருப்பாங்க, என்ன விரும்பிச் சாப்பிடுவாங்க, அந்த மாதிரி எழுதிக் குடுங்கம்மா."

"சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. இரங்கல் கூட்டத்தில் மேடையில் வைத்து இதையேதான் சொன்னார்கள். பெருசா எதையும் கண்டுபிடிக்கவில்லை. மாலை போட்ட உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மைக்கில் சொன்னார்கள்.

நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அந்த ஒரு பக்கத்தில் அதை எழுதுவதா, இல்லை உங்களுக்கு வெந்தயக் குழம்பு பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதா என்று காலையிலிருந்து அல்லாடிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு எழுதுவதற்கு முன்னால் உங்களுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால் என் கோபம் முதலில் உங்கள் மேல்தான்.

*

ரிட்டையர் ஆகி நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த அன்று இறங்கினது இரண்டு சூட்கேஸ், மிச்சமெல்லாம் பிஸ்கட் டின். டின் முழுக்க உடைந்த ஓடு. உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், ஒரு டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, பென்ஷன் பணத்தை இதிலயா போட்டு வச்சிருக்க?" என்று கேட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. "மெதுவா வை, அது உன்னைவிட வயசானது" என்றீர்கள்.

ஒரு வாரத்துக்குள் தெருவில் உங்களுக்கு "சில்லு டீச்சர்" என்று பெயர் விழுந்துவிட்டது. நாத்தனார் இருக்காங்களா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. சில்லு டீச்சர் இருக்காங்களா என்றுதான் கேட்பார்கள்.

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. மிச்சத்தை சாமி பாட்டுப் புத்தகங்களும் வீட்டுக் கணக்கு எழுதினதும்தான் கற்றுக்கொடுத்தன. பால், காய், கேஸ், எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கிறவள் நான். குழாயில் வருகிற நல்ல தண்ணீருக்கும் வைத்திருந்தேன். நம் ஊரில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற நல்ல தண்ணீரை நான் குடம் குடமாகப் பிடித்து வைத்தால், நீங்கள் அதை எடுத்து ஓட்டுக்கு ஊற்றுவீர்கள்.

"அண்ணி, அது குடிக்கிற தண்ணி."

"இதுங்களும் குடிக்கணும்மா. கடலோரத்துல கிடந்த ஓடு. உள்ள உப்பு இறங்கி இருக்குது. நல்ல தண்ணியில ஊறப்போட்டு மாத்தி மாத்தி உப்பை எடுக்கலைன்னா, காய்ஞ்சதும் உப்பு பூத்து மேல்தோலைத் தள்ளிடும். பொடிப்பொடியா உதிர்ந்துடும்."

"நம்ம குடும்பமே உப்பை வித்துத்தான் சாப்பிடுது. நீங்க உப்பை எடுத்து வெளிய ஊத்தறீங்க."

"அதான் எனக்கும் உன் மாமனாருக்கும் ஒத்துவரல" என்றீர்கள். அன்றைக்கு இருவரும் சிரித்தோம். சிரித்தாலும் அந்த இரண்டு குடத்தை நான் எழுதித்தான் வைத்தேன்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "நம்ம ஊரு பானை கொஞ்சமாவா கிடக்குது? அதை விட்டுட்டு எங்கயோ இருக்கற கிரேக்கன் பானையை எதுக்குப் பிடிச்சுக்கிட்டீங்க?"

நீங்கள் பிரஷ்ஷைக் கீழே வைத்தீர்கள். சின்ன வயதில் நம் உப்பளத்து வரப்பில் நின்று கடலைப் பார்த்து, அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் அப்பாவைக் கேட்டீர்களாம். "யாரும் இல்ல, தண்ணிதான்" என்றாராம். புதுச்சேரியில் கல்லூரியில் சேர்ந்த பிறகு, நூலகத்தில் ஒரு படப் புத்தகத்தில் இரண்டு கைப்பிடி வைத்த நீள ஜாடி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். கிரேக்கர்கள் திராட்சை மதுவை ஊற்றிக் கப்பலில் அனுப்பின ஜாடி. அதே மாதிரி ஜாடியின் துண்டு நம் கரையிலும் கிடைக்கிறது என்று கீழே எழுதியிருந்ததாம். "அப்பா சொன்னது பொய்னு அன்னிக்குத் தெரிஞ்சுச்சு. யாரோ இருந்திருக்காங்க. வந்திருக்காங்க. குடிச்சிருக்காங்க" என்றீர்கள்.

"அவன் குடிச்சுட்டு வீசினதைப் பொறுக்கவா இவ்வளவு படிப்பு?"

"ஆமாம்மா. வீசினவன் எழுதி வச்சுட்டுப் போகலையே. பொறுக்கித்தானே தெரிஞ்சுக்கணும்."

அந்தப் பொறுக்கல்தான் உங்கள் வாழ்க்கை. பிள்ளைகளுக்கு வரலாறு நடத்திவிட்டு, மிச்ச நேரத்தில் கிரேக்க எழுத்தை நீங்களாகவே படித்துக்கொண்டு, வெளிநாட்டு மியூசியங்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் அனுப்பின போட்டோக்களை வைத்துக்கொண்டு வேலை செய்தீர்கள். பானையைப் படிக்கிறவருக்குப் பானை கிடையாது, படம்தான். ஒரே ஒருமுறை ஏதென்ஸுக்குக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, "கழுவற வேலை" என்றீர்கள். கிடங்கில் உட்கார்ந்து ஜாடிக் கைப்பிடிகளைக் கழுவி அடுக்குவது. அந்த மூன்று மாதமும் சந்தோஷமாக இருந்ததாகச் சொன்னீர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவர்கள் பிறகு போட்ட கனமான புத்தகம் ஒன்றை எடுத்து வந்து காட்டினீர்கள். ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. விரலை வைத்து, "இது நான்" என்றீர்கள். உதவிக்கு நன்றி என்று போட்டிருந்தார்களாம். உங்கள் பெயரில் ஓர் எழுத்து தப்பு.

நீங்கள் அவர்களோடு வாதாடினது ஒன்றே ஒன்று. அந்த மது ஜாடிகள் அவர்கள் சொல்வதைவிட வெகு முன்னாலேயே நம் கரைக்கு வந்துவிட்டன என்பது. அதற்கு அத்தாட்சி கேட்டார்கள். உங்களிடம் டின் டின்னாகக் கைப்பிடிகள் இருந்தன. எல்லாம் வெறும் கைப்பிடி. "இதுங்க ஊமை" என்பீர்கள். "ரோட்ஸுன்னு ஒரு தீவு. அந்த ஊர்க் குயவன் சுடறதுக்கு முன்னால கைப்பிடி மேல முத்திரை குத்துவான். நடுவுல ஒரு ரோஜாப்பூ, சுத்தி அந்த வருஷத்து அதிகாரி பேரு. அது இருந்தா ஜாடி எந்த வருஷம் செஞ்சதுன்னு வாயைத் திறந்து சொல்லிடும். அந்த மாதிரி ஒண்ணு, நம்ம கரையில, ஒண்ணே ஒண்ணு கிடைச்சாப் போதும்."

பிள்ளை வேண்டும் என்று கோயில் கோயிலாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குரல்தான் அது.

*

அளத்தம்மாவை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் பிறந்த வீட்டு தெய்வம். உங்கள் கொள்ளுத் தாத்தா காலத்தில் புதுப் பாத்தி வெட்டும்போது சேற்றில் நின்றுகொண்டிருந்தாள் என்பார்கள். வரப்பு ஓரத்தில் ஒரு சின்ன மேடை. வெள்ளி முகம், கழுத்துவரை சுற்றின சேலை. வருஷத்துக்கு ஒருமுறை, மழை விட்டு, பாத்தி மிதித்து, முதல் உப்பு வாருவதற்கு முன்னால் அவளுக்குக் குளியல். சேலைகளைப் பிடித்து மறைப்புக் கட்டி, கல்யாணம் ஆன பெண்கள் மட்டும் உள்ளே போவோம். ஆண்களும் கல்யாணம் ஆகாதவர்களும் வெளியே.

நீங்கள் பிறந்ததிலிருந்து வெளியே நின்றவர். வயதான பிறகும் குடையைப் பிடித்துக்கொண்டு ஆண்களோடு வரப்பில் நிற்பீர்கள். அளத்தில் உப்பு வாருகிற பவுனு உங்களை விடமாட்டாள்.

"டீச்சரம்மா, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு தாலியைக் கட்டிக்கிட்டீங்கன்னா அடுத்த வருஷம் உள்ள வந்துடலாம்."

"மாப்பிள்ளை யாரு பவுனு?"

"எங்க மாமனாரு சும்மாதான் இருக்காரு."

"அவருக்குப் பல்லு இருக்குதா?"

"உங்களுக்கு மட்டும் இருக்குதாக்கும்!"

உள்ளே சேலையை அவிழ்த்தால் அம்மா மண் நிறம். உருண்ட கழுத்து. இரண்டு பக்கமும் மேலே எழும்பி, முழங்கை மடங்கின மாதிரி சட்டென்று மடங்கிக் கீழே இறங்குகிற கைகள். இடுப்பில் கை வைத்து நிற்கிற பொம்பளை மாதிரியே இருப்பாள். "என்னடி, இப்பதான் வர்றீங்களா?" என்று கேட்கிற மாதிரி. கல்யாணம் ஆகி என் ஊரான பெருமுக்கல்லில் இருந்து வந்த வருஷம், எல்லாரும் எனக்குப் புதிதாக இருந்தபோது, அந்த நிற்கிற நிலையைப் பார்த்துத்தான் இந்த வீட்டில் எனக்கு ஓர் ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். வலது கையில் பச்சை குத்தியிருக்கும். பழைய காலத்துப் பெண்கள் எல்லாரும் குத்திக்கொண்டதுதானே, அம்மாவும் குத்திக்கொண்டாள் என்போம். மஞ்சளைக் குழைத்து அந்தப் பச்சையின்மேல் விரலால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பது மூத்த மருமகளின் வேலை. மாமியாருக்குப் பிறகு அது என் வேலை.

ஒரு வருஷம் குளியல் முடிந்த சாயங்காலம், நீங்களும் நானும் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தோம். ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன்.

"அம்மா கையில பச்சை வரவர மழுங்குதுங்க அண்ணி. மஞ்சளைக் கொஞ்சம் மெதுவாத் தேய்க்கணும்."

"பச்சையா?"

"ஆமா. வட்டமா இருக்கும். நடுவுல ஒரு பூ. சுத்தி ஏதோ கிறுக்கின மாதிரி."

உங்கள் கை அப்படியே நின்றது. "எந்தக் கை?" என்று கேட்டீர்கள். சொன்னேன். "கைன்னா எப்படி இருக்கும்? உருண்டையா? மேல எழும்பி மடங்குமா?" என்றீர்கள். கையை மடக்கிக் காட்டினேன். நீங்கள் என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

ஏன் சொன்னீர்கள் அண்ணி?

வாழைப்பூவின் கள்ளன் நரம்பைக் கிள்ளி எறிகிறதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள். அது ஜாடி. ரோட்ஸ் தீவு ஜாடியோட கழுத்து. மது ஊத்தி வந்தது.

"எங்க அம்மாவைச் சாராயப் பானைன்னு சொல்றீங்களா?" என்றேன். 

"அப்படிச் சொல்லலம்மா. அது என்னவா இருந்துச்சுன்னு சொல்றேன். என்னவா இருக்குதுன்னு சொல்லல."

படித்தவர்கள் பேச்சு. எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது இல்லை. அதற்கப்புறம் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். "அந்தப் பச்சையை வரைஞ்சு காட்டு. பூவைச் சுத்தி இருக்கற எழுத்து வேணும். அந்தப் பேரு தெரிஞ்சா வருஷம் தெரிஞ்சுடும்."

"அம்மா கையை நான் படம் போட மாட்டேன்."

நீங்கள் தாளை எடுத்துக்கொண்டீர்கள். அவ்வளவுதான். மறுநாளும் கேட்கவில்லை, மறு வருஷமும் கேட்கவில்லை. எதையும் இரண்டாவது தடவை கேட்கிற பழக்கம் உங்களுக்குக் கிடையாது. அதுதான் உங்கள் வாழ்க்கையைக் கெடுத்தது. கல்லூரியில் கேட்கவில்லை, அந்தப் பொடி எழுத்துக்காரர்களிடம் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் திட்டியிருப்பேன். மூன்றாவது தடவை வரைந்து கொடுத்திருப்பேன். பெண்களிடம் அப்படித்தான் அண்ணி கேட்க வேண்டும்.

அதற்குப் பதிலாக என்ன சொன்னீர்கள்? "யாருக்கும் சொல்ல மாட்டேன். பயப்படாதே. வெளிய தெரிஞ்சா மியூசியம் ஆபீஸருங்க வருவாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு நம்பர் ஒட்டுவாங்க. அப்புறம் பவுனு மஞ்சத்தண்ணியை எங்க ஊத்துவா?"

"எனக்குச் சொன்னீங்களே" என்றேன்.

 யாரிடமாவது சொல்லாவிட்டால் உங்களுக்கு நெஞ்சு வெடித்துவிடும் என்று இருந்திருக்கும். அது எனக்கு இன்று புரிகிறது. ஆனாலும் ஊரிலேயே அவளை அம்மா என்று மனசாரக் கூப்பிடுகிற ஒருத்தியைப் பார்த்தா சொல்ல வேண்டும்?

யாரும் இல்லாத மத்தியானத்தில் போய் நீங்களே சேலையை விலக்கிப் பார்த்திருக்கலாம். அளத்துக்குக் கதவா இருக்கிறது? ஒருநாள் வெறுப்பில் நானே சொன்னேன், போய்ப் பார்த்துத் தொலைங்க என்று. "ஒருத்தி துணி மாத்தற இடத்தில எட்டிப் பார்க்கிறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?" என்றீர்கள். உங்களுக்கு சாமி கிடையாது. விபூதிகூட நான் வைத்துவிட்டால்தான். அப்படிப்பட்ட நீங்கள் அந்த மறைப்பை மதித்தீர்கள். திருட்டுத்தனமாகப் பார்த்திருந்தால் நான் உங்களை வெறுத்திருப்பேன். அது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த குளியலில் மஞ்சளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கண்ணை மூடிக்கொண்டு பாட்டைச் சொன்னேன். விரல் பச்சையைத் தேய்க்கிறது. மனசு எழுத்தைத் தேடுகிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அது தலையாகத் தெரியவில்லை, ஜாடி வாயாகத் தெரிந்தது. அழுதேன். அருள் வந்துவிட்டது என்று பவுனு வேப்பிலையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

பல நாள் கழித்து வேறு ஒன்று தோன்றியது. அவளும் வேறு ஊரில் பிறந்து இங்கே வாழ வந்தவள்தானே. நான் பெருமுக்கல், அவள் அந்தத் தீவு. வந்த இடத்தில் இருந்தவர்கள் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் வைத்த பெயருக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து நின்றுவிட்டாள். அப்படி நினைத்த பிறகு கொஞ்சம் கும்பிட முடிந்தது. அதை உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பீர்கள் என்று தெரியும். அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கப் பிடிக்கவில்லை.

*

உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த வருஷம், உங்கள் தம்பி தலைமையில் கோயிலைப் புதுப்பிக்கக் கிளம்பினார்கள். மேடைக்கு டைல்ஸ், மேலே கூரை, அம்மாவுக்கு சிமெண்டில் புது உடம்பு. பக்கத்து ஊர் அனுமந்தையில் அம்மனுக்கு நாலு கை வைத்திருக்கிறார்களாம், நம்ம அம்மாவுக்கு மட்டும் என்ன குறைச்சல் என்றார்கள்.

"பழசு அப்படியே இருக்கட்டுங்க. சுத்திக் கட்டுங்க, அவளைத் தொடாதீங்க" என்றேன்.

"அக்கா சொல்லிக் குடுத்தாளா?" என்றார் உங்கள் தம்பி.

உங்களிடம் வந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வேலை நின்றுவிடும், இது இன்ன ஜாடி, இத்தனை வருஷம் பழையது என்று சொல்லுங்கள் என்றேன். நான்! சாராயப் பானையா என்று சண்டை போட்ட நான்.

"சொன்னா நிறுத்துவான். அப்புறம் ஆபீஸருங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க. உன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். சிமெண்ட் பூசினாலும் உள்ள பத்திரமாத்தானே இருக்கும். இருக்கட்டும்" என்றீர்கள்.

வேலை தொடங்கின அன்று கொத்தனாருக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. நீங்களும் கூடத்தில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் தம்பிதான் கேட்டார்.

"உள்ள என்னப்பா இருந்துச்சு?"

"பழைய ஜாடிக் கழுத்துங்க. நல்ல கெட்டி, அந்தக் காலத்து மண்ணு. ரெண்டு பக்கமும் கைப்பிடி துருத்திக்கிட்டு நின்னுச்சு, கம்பி கட்டவே முடியல. தட்டி எடுத்துட்டேன்."

"ஜாடியாவது கீடியாவது. அம்மா இருந்த இடம்ப்பா. வெளிய போய் உளறாதே" என்றார் உங்கள் தம்பி. "அப்பளம் போடும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மா ஜாடி என்று கேட்டு நான் எத்தனை நாள் அழுதேனோ, அது அவருக்கு ஒரு அப்பளம் உடைகிற நேரம்கூட உறுத்தவில்லை.

நீங்கள் கையை இலையிலேயே வைத்திருந்தீர்கள். "தட்டினதை எங்கப்பா போட்ட?"

"வரப்போரம் கொட்டிட்டேன் டீச்சர்."

எழுந்து கையைக் கழுவினீர்கள். குடையை எடுத்தீர்கள். நானும் பின்னாலேயே ஓடி வந்தேன். நடுப்பகல் வெயிலில் உப்புப் பாத்தி கண்ணைக் குத்துகிறது. சிமெண்ட் கட்டியும் செங்கல்லுமாகக் கிடந்த குவியலில் நீங்கள் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் கிளறினீர்கள். மூச்சு விசில் மாதிரி கேட்டது. வேலைக்காரர்கள் வாருபலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "சில்லு டீச்சருக்கு இன்னிக்கு அறுவடைடோய்" என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

பவுனுதான் பக்கத்தில் வந்தாள். "என்ன டீச்சரம்மா தேடறீங்க?"

"ஜாடிக் கைப்பிடி மாதிரி ரெண்டு துண்டு, பவுனு."

"அம்மா கையா? அதை இப்படிக் குப்பையில விடுவமா? காலையிலயே நாங்க பொம்பளைங்க எடுத்துட்டோம். ஒடிஞ்ச அங்கத்தைக் கரையில வச்சிருக்கக் கூடாதில்ல. மஞ்சத்துணியில கட்டி, சூடம் காட்டி, போட்ல ஏத்தி நடுக்கடல்ல விட்டாச்சு. எங்க தம்பிதான் கொண்டுபோனான். ரொம்ப தூரம் போயிட்டு வந்தான்."

"ரெண்டு கையுமா?"

"ரெண்டும்தான். பச்சை குத்தின கையை மட்டும் நான் கண்ணுல ஒத்திக்கிட்டுக் குடுத்தேன்."

நீங்கள் பவுனுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி. "நல்லது பவுனு" என்றீர்கள். "கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடு."

அதற்கப்புறம் நீங்கள் சில்லுகளை ஊறப்போடவில்லை. டப்பை நான்தான் கவிழ்த்து வைத்தேன். நான்கு மாதம் இருந்தீர்கள். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உங்கள் தம்பியைத் திட்டவில்லை, கொத்தனாரைத் திட்டவில்லை, என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீ அன்னிக்கே வரைஞ்சு குடுத்திருந்தா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைக்காக நான் தினமும் கஞ்சியை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்குள் வந்தேன். "உப்பு கம்மியா இருக்குது" என்றுதான் சொன்னீர்கள்.

*

இப்போது அம்மாவுக்கு நாலு கை. ரோஸ் நிற எனாமல் பெயிண்ட், பெரிய கண்கள். எல்லாருக்கும் திருப்தி. இந்த வருஷமும் உள்ளே போய்க் குளிப்பாட்டினேன். மண்ணாக இருந்தபோது தண்ணீரைக் குடிப்பாள். மஞ்சள் உள்ளே இறங்கும். இப்போது ஊற்றினது ஊற்றினபடி வழிந்து காலில் விழுகிறது. வாய் பாட்டுச் சொல்கிறது. நான் கும்பிடுகிறது அங்கே இல்லை. இடுப்பில் கை வைத்து நிற்கிறவளைத்தான் இன்றும் கும்பிடுகிறேன். அவளை அம்மன் என்பதா ஜாடி என்பதா என்று இனிமேல் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் போய்விட்டார்கள்.

சத்தியம் பண்ணினது நீங்கள் அண்ணி. நான் பண்ணவில்லை. அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்றுதானே வாயை மூடிக்கொண்டீர்கள். இனி எடுத்துப் போக அங்கே என்ன இருக்கிறது? சிமெண்டுக்குள் ஒரு கழுத்து. ஊமைக் கழுத்து.

அதனால் இதை இங்கே நிறுத்தி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை எழுதிவிட்டேன். வெந்தயக் குழம்பை எழுதவில்லை. எங்கள் அளத்தம்மா கிரேக்க நாட்டு மது ஜாடி, ரோட்ஸ் தீவில் செய்தது, அதைக் கண்டுபிடித்தவர் என் நாத்தனார், கண்ணால் பார்க்காமலே கண்டுபிடித்தார், ஊரார் மனம் நோகக் கூடாது என்று வெளியே சொல்லாமல் இறந்துபோனார் என்று எழுதினேன். அத்தாட்சி இல்லை என்பதையும் எழுதினேன்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அன்றைக்கு மாட்டேன் என்றதை இன்று வரைந்தேன். பூ உடனே வந்துவிட்டது. எழுத்துக்குக் கண்ணை மூடி, ஆட்காட்டி விரலை மேஜையில் வைத்து, மஞ்சள் தேய்க்கிற மாதிரியே சுற்றினேன். எத்தனை வருஷம் தேய்த்த விரல். ஒவ்வொன்றாக வந்தது. கூடாரம் போல ஒன்று. ஒரு வட்டம். சீப்புப் பல் போல மூன்று கோடு இருப்பது ஒன்று. நடுவில் சில எழுத்து வரவில்லை; அங்கெல்லாம் தாளை வெறுமையாக விட்டுவிட்டேன். இல்லாத துண்டை ஊகித்து ஒட்டாதே என்று நீங்கள் எப்போதோ சொல்லிக் கேட்டது.

உங்கள் தம்பி எட்டிப் பார்த்தார். "என்னடி, கோலம் பழகறியா?"

"உங்க அக்கா கண்டுபிடிச்சது. காலேஜ் புத்தகத்துக்கு."

பக்கத்தில் இருந்த, நான் எழுதின தாளை எடுத்துப் படித்தார். முகம் மாறியது. "அம்மாவைப் போய்... ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். கையை ஒடிச்சப்ப பார்த்துக்கிட்டுத்தானே இருந்துச்சு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வருவார். நாளைக்கு அளத்தில் பேச்சு கிளம்பும். பவுனு என்னோடு பேசுவாளா தெரியவில்லை. அந்தத் துறைத்தலைவர் அச்சில் போடுவாரா என்பதும் தெரியவில்லை. அத்தாட்சி கேட்பார். ஒரு வீட்டுப் பொம்பளையின் விரலை யார் அத்தாட்சி என்று ஏற்றுக்கொள்வார்கள்? இரண்டு தாளையும் மடித்துக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன்.

ஒட்டின பிறகும் விரல் நிற்கவில்லை அண்ணி. இப்போதுதான் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தேன், அண்டாவின் முதுகில் அதே கூடாரம், அதே வட்டம், அதே சீப்பு. யாரோ ஓர் அதிகாரியின் பெயர். அதைப் படித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். படிக்கத் தெரியாத நான் அதை எழுதிக்கொண்டே இருக்கிறேன்.